தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டது யார்?

சிலிகான்காரம்மா திருடியா இல்லையா என்று முடிவு செய்ய எங்களுக்கு மாலை ஐந்து மணிவரை அவகாசம். நாங்கள் அந்த வீட்டுப் படியில் கால் வைத்தபோது மணி இரண்டரை. அதில் ஐந்து நிமிடம் படியிலேயே போய்விட்டது. என் எடை நூற்றுப் பத்து கிலோ, அந்த வீட்டில் லிஃப்ட் இல்லை.

"தடியா, ஐந்து மணிங்கறது இன்னைக்கு ஐந்து மணி," என்றாள் மேலே போய் நின்றுகொண்டிருந்த அக்கா.

அக்கா துப்பறிகிறவள். நான் அவளுக்குத் தம்பி, டிரைவர், டைப்பிஸ்ட். வாசலில் யாராவது தகராறு செய்தால் கதவும் நான்தான்.

விஷயம் இதுதான். கீழே பல் ஆஸ்பத்திரி, மேலே வீடு. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் பெரிய டாக்டரின் அப்பா. தன் முன்பல் ஒன்று விழுந்தபோது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே தங்கப்பல் கட்டிக்கொண்ட ஆசாமி. அவர் கண்ணை மூடியதும் மகன் முதல் காரியமாக அந்தப் பல்லைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தலைவர். ராஜாக்களுக்குச் செங்கோல், இந்தக் குடும்பத்துக்குச் செத்தவர் பல்.

இன்று மாலை ஐந்து மணிக்குப் பெரிய டாக்டர் ஓய்வு பெறுகிறார். அறுபது பேருக்கு அழைப்பு போயிருக்கிறது. அவர்கள் முன்னால் தங்கப்பல்லை மகளிடம் கொடுக்க வேண்டும். மகளும் பல் டாக்டர்தான், சின்ன டாக்டர். காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி இருக்கிறது, பல் இல்லை.

கூடத்தில் எங்களை வரவேற்றவர் சின்ன டாக்டரின் கணவர், வீட்டு மாப்பிள்ளை. பற்பசைக் கம்பெனியில் மேனேஜர். துக்க வீட்டிலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கக்கூடிய முகம்.

"நேத்து மாமா ரூமுக்குள்ள போன ஒரே வெளியாள் அந்த சிலிகான்காரம்மாதான்," என்றார். "பாத்ரூம்ல பாத்டப்ப சுத்தி, தண்ணி கசியாம அடைச்சிருந்த பழைய சிலிகான் பசைய எடுத்துட்டு புதுசு போட வந்தாங்க. பல்லு இருந்த பெட்டி அந்த ரூம்லதான். இதுல துப்பறிய என்ன இருக்கு? போலீஸக் கூப்பிட்டா முடிஞ்சது."

"மாப்பிள்ளை, விட்டுடுங்க," என்றார் சாய்வு நாற்காலியில் இருந்த பெரிய டாக்டர். எழுபத்தொரு வயது. தலையில் ஒரு முடி இல்லை, ஜன்னல் வெளிச்சம் அதில் அப்படியே விழுந்தது. கைகளைப் போர்வைக்குள் வைத்திருந்தார். "அந்தம்மா பாவம். பல்லு போனாப் போகுது. விழாவ ஒரு மாசம் தள்ளிவச்சுக்கலாம்."

"இது நாலாவது தடவை அப்பா," என்றார் சின்ன டாக்டர். இடுப்புவரை பின்னல், வெள்ளைக் கோட்டு, காலையிலிருந்து ஏழு பேருக்குப் பல் பிடுங்கிய களைப்பு. "முத தடவ உங்களுக்கு ஜலதோஷம். ரெண்டாவது தடவ மழை. மூணாவது தடவ காரணமே சொல்லல. மேடம், நான்தான் உங்களக் கூப்பிட்டேன். அஞ்சு மணிக்குள்ள தெரியணும். தெரியலன்னா இவர் போலீஸக் கூப்பிட்டுக்கட்டும்."

அக்கா தலையாட்டினாள். "அந்தம்மா எங்க?"

அடுப்படியில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். அவருடைய வேலைப் பை தரையில் கவிழ்த்துக் கொட்டப்பட்டிருந்தது. சுரண்டுகிற தகடு, வளைந்த கத்தி, காகித டேப், பழைய ஸ்பூன் ஒன்று. எங்களைப் பார்த்ததும் அழுவார் என்று கைக்குட்டையைத் தயாராக எடுத்தேன். அவர் அழுகிற நிலையிலேயே இல்லை.

"பல்லப் பத்தி கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க," என்றார். "என் தண்ணிய யாரு திறந்துவிட்டது?"

"என்ன தண்ணி?" என்றேன் நான்.

"தொட்டித் தண்ணி. காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன், ஒருத்தர் பதில் சொல்லல. எல்லாரும் பல்லு, பல்லுங்கறாங்க."

அக்கா கீழே கிடந்த ஸ்பூனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். "முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா."

"நேத்து பழசச் சுரண்டவே மூணு மணி நேரம் ஆச்சு. கருப்பு புடிச்சு, பூசணம் பூத்து, பாக்கவே குமட்டுச்சு. பழசு துளி இருந்தாலும் புதுசு ஒட்டாது, அதனால மொத்தமா எடுத்துட்டேன். அப்புறம் தொட்டி நெறைய தண்ணி ரொப்பினேன். அதுக்கப்புறம்தான் சிலிகான் போட்டேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் தண்ணியத் தொடக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனேன். இன்னைக்குப் பத்து மணிக்கு வந்தா தொட்டி காலி. காலி மட்டுமில்ல, ஈரம் பொட்டு இல்லாம காஞ்சு கெடக்கு."

"தண்ணி எதுக்கு? சிலிகானுக்கு தாகம் எடுக்குமா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க தொட்டியில எறங்கினா அது என்ன ஆகும் தம்பி?"

நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"கீழ அமுங்கும். ஒரு நூல் அளவுதான், ஆனா அமுங்கும். தண்ணிக் கனத்துக்கே அமுங்கும். அப்ப சுவத்துக்கும் தொட்டிக்கும் நடுவுல இடைவெளி அகலமாகும். காலித் தொட்டியில சிலிகான் போட்டா, முதநாள் குளிக்கறப்பவே கிழிஞ்சுரும். ரொப்பிட்டுப் போட்டா பத்து வருஷத்துக்கு அசையாது. பாதிப்பேருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்." சட்டென்று குரல் இறங்கியது. "இந்தத் தெருவுல பதினாலு வீடு மேடம். கதவத் திறந்து விட்டுட்டு என்ன நம்பி ஆபீஸ் போயிருவாங்க. திருடின்னு ஒருதடவ பேர் வந்துட்டா, அதுக்கப்புறம் எந்தக் கதவும் திறக்காது. வேற வேலையும் எனக்குத் தெரியாது."

அக்கா எழுந்துகொண்டாள். அவள் எழுந்த வேகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது, அவளுக்குள் ஏதோ பொறி தட்டிவிட்டது. எனக்குப் பசி தட்டியிருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

பெரிய டாக்டரின் பாத்ரூமில் வினிகர் பாட்டிலை உடைத்தது போல வாடை. புது சிலிகானுக்கு அந்த வாடைதான் என்றாள் அக்கா. மூன்று பக்கச் சுவரோடும் தொட்டி சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு சீராக ஓடியது. ஜன்னல் திண்டில் நேற்று அந்தம்மா விட்டுப்போன, சிலிகான் பிதுக்குகிற கன், அதில் பாதி மிச்சமிருந்த சிலிகான் டியூப். துண்டு மாட்டும் கொக்கியில் ஒரு ஹேர் டிரையர் தொங்கியது.

"அக்கா, எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றேன். "மாப்பிள்ளைதான். இவ்வளவு சிரிக்கறவன் நல்லவனா இருக்க முடியாது."

"சிரிக்கறது அவர் உத்தியோகம். வேற?"

"அப்ப சின்ன டாக்டர். ஹேர் டிரையர் அவங்களோடது. அந்தப் பின்னலப் பாத்தியா? அப்பாவுக்கு இது எதுக்கு, தலையில பாலிஷ் போடவா?"

"இது நல்லாருக்கு," என்றாள் அக்கா. அவள் என்னைப் பாராட்டுவது ஆண்டுக்கு ஒருமுறை. கொடுத்த கையோடு திரும்ப எடுத்துக்கொண்டும் விடுவாள். "ஆனா தலை காயவைக்க வந்தவங்க எதுக்குத் தொட்டியக் காயவைக்கணும்?"

ஹேர் டிரையரைக் கொக்கியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அக்கா சிலிகான்காரம்மாவை வரவழைத்தாள். அவர் குனிந்து, நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி, கோட்டின் நீளம் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தார். "எல்லாம் என் கைவேலை மாதிரிதான் இருக்கு மேடம். ஒரே சீரா இருக்கு."

"பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கும். கண்ணால கண்டுபிடிக்க முடியாது." அக்கா குழாயைத் திருகினாள். "தண்ணி ரொப்பலாம்."

தொட்டி நிரம்ப இருபது நிமிடம் பிடித்தது. அதற்குள் வீட்டு ஆட்கள் மூவரையும் பாத்ரூமுக்கு வரச் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் நின்றாலே இடிக்கிற இடத்தில் ஆறு பேர். மாப்பிள்ளை டாய்லெட் மூடிமேல் உட்கார்ந்துகொண்டார், அங்கிருந்தும் சிரித்தார். பெரிய டாக்டர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

தண்ணீர் விளிம்பைத் தொட்டது. வெள்ளைக் கோடு அசையவில்லை.

"ஒண்ணும் ஆகலையே," என்றார் மாப்பிள்ளை.

"இந்தம்மா சொன்னது தண்ணிக் கனம், ஆள் கனம் ரெண்டும்," என்றாள் அக்கா. "தடியா, உள்ள எறங்கு."

"துணியோடயா?"

"துணி இல்லாம எறங்கினா கேஸ் வேற மாதிரி போயிரும்."

இறங்கினேன். என் விசுவாசத்தின் எடை நூற்றுப் பத்து கிலோ, அது முழுவதையும் அந்தத் தொட்டியில் வைத்தேன். இரண்டு வாளித் தண்ணீர் வெளியேறி மாப்பிள்ளையின் காலணிக்குள் போனது, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். தொட்டி அடியில் எங்கோ முனகியது. சோப்பு வைக்கும் திண்டுக்குக் கீழே, மூலையை ஒட்டி, வெள்ளைக் கோட்டில் ஒரு கீறல் விழுந்தது. மெதுவாக அகலமாகி, மூன்று அங்குல நீளத்துக்கு வாய் திறந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு இழைகூடப் பிரியவில்லை.

"இது என்னோடது இல்ல," என்றார் சிலிகான்காரம்மா. அந்தக் குரலில் ஒரு நாள் முழுவதும் அடக்கிய மூச்சு இருந்தது.

அக்கா அவருடைய வளைந்த கத்தியை வாங்கி அந்த மூன்று அங்குலத்தையும் நெடுகக் கீறிப் பிளந்தாள். பிறகு சின்ன டாக்டரின் கோட்டுப் பையில் எட்டிப்பார்த்த இடுக்கியைக் கேட்டு வாங்கி, இடைவெளிக்குள் விட்டு இழுத்தாள். ஒரு பஞ்சுச் சுருள் வந்தது. பிரித்தால் உள்ளே தங்கப்பல்.

"நான் சொன்னேன்ல," என்றார் மாப்பிள்ளை. "இந்தம்மாதான் ஒளிச்சு வச்சிருக்காங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்னு."

"இவங்க ஒளிச்சிருந்தா கோடு கிழிஞ்சிருக்காது," என்றாள் அக்கா. "தண்ணி நின்னப்ப போட்டது கிழியல. காலித் தொட்டியில போட்டது கிழிஞ்சுது. தண்ணிய எதுக்கு நிறுத்தறாங்கன்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது, இவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். தெரிஞ்சவங்க தண்ணியத் திறந்துவிட மாட்டாங்க. தெரியாத ஒருத்தர் திறந்துவிட்டு, தொட்டியத் துடைச்சு, பத்தாததுக்கு ஹேர் டிரையர் வச்சுக் காயவும் வச்சிருக்கார். சாதாரண ஆளுக்கு இவ்வளவு மெனக்கெடத் தோணாது. பொந்தக் கண்டா முதல்ல ஈரமில்லாம காயவைக்கணும், அப்புறம்தான் அடைக்கணும்னு கையிலயே ஊறிப்போன தொழில் எது?"

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. அவருக்கு உதடுகள் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. அவர் பார்வை தன் மனைவியின் பக்கம் போனது.

"பல்லு அடைக்கற தொழில்," என்றேன் நான் தொட்டியிலிருந்து. "சொத்தைய சுத்தம் பண்ணி, காத்தடிச்சு காயவச்சு, அப்புறம் அடைப்பாங்க. நான்தான் அப்பவே சொன்னேனே அக்கா, ஹேர் டிரையர் சின்ன டாக்டரோடதுன்னு."

"நானா?" என்றார் சின்ன டாக்டர். முகத்தில் ஈயாடவில்லை. "எனக்குக் கெடைக்க வேண்டிய பல்லை நானே எதுக்கு ஒளிக்கணும்?"

"அது எனக்கும் புரியல," என்றாள் அக்கா. "அத விடுங்க. இந்த வேலையப் பாருங்க. டாக்டர் வேலையா இது? முதல் வருஷம் படிக்கற பிள்ளை போட்ட மாதிரி இருக்கு. விளிம்பு ஒட்டவே இல்ல. நடுவுல வீங்கியிருக்கு. இப்படி அடைக்கறவங்க முன்னாடி நான் கொட்டாவிகூட விடமாட்டேன்."

சின்ன டாக்டர் குனிந்து கிழிசலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அப்பாவிடம் தொழில் பழகிய தன் விரல்களைப் பார்த்தார்.

அக்கா விடவில்லை. "கைவேலை தெரியாத ஆளு. சோம்பேறி வேற."

"எந்த விளிம்பு ஒட்டல?"

குரல் வாசலிலிருந்து வந்தது. பெரிய டாக்டர் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, என் தலைக்கு மேலாகச் சுவரைச் சுட்டினார்.

"எந்த விளிம்பு? காட்டுங்க. தொட்டி எறங்கினதால நடுவுல கிழிஞ்சிருக்கு, அது என் தப்பு இல்ல. ரெண்டு ஓரமும் பாருங்க, முடி நுழையாது. நாப்பத்தாறு வருஷமா அடைச்சிட்டிருக்கேன். வீங்கியிருக்காம், வீங்கி."

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் சுட்டிய விரலைத் தானே பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றார் மகள்.

"போன மாசம் ஒரு சின்னப் பொண்ணு வந்தா," என்றார் பெரிய டாக்டர். யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை. "ஊசி போடறப்ப கை நடுங்கிருச்சு. அவ கத்தல. கண்ணு நெறைய என்னையே பாத்தா. அன்னைக்கே எனக்குத் தெரியும், முடிஞ்சு போச்சுன்னு. ஆனா அந்தப் பல்லக் கொடுத்துட்டா அப்புறம் நான் யாரு? அந்த சாய்வு நாற்காலியில ஒரு கிழவன். இன்னொரு மாசம் கெடைச்சா போதும்னு நெனச்சேன். விடியக்காலம் எழுந்து, மூணு அங்குலம் சுரண்டி பல்ல உள்ள வச்சுட்டு, இதுல உக்காந்து அடைச்சேன். அரை மணி நேரம். கை ஒரு தடவகூட நடுங்கல. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா."

நனைந்த சட்டையோடு தொட்டிக்குள் உட்கார்ந்து அழுவது எந்த உதவியாளருக்கும் அழகில்லை என்பதால் முகம் கழுவுவது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சிலிகான்காரம்மா கண்ணைத் துடைக்கவில்லை.

"என்ன விட்டுடச் சொன்னீங்களாமே ஐயா," என்றார்.

"ஆமாம்மா. உன்மேல பழி வரும்னு நான் நெனைக்கவே இல்ல. அதான் பாவம், விட்டுடுங்கன்னு—"

"பாவம்னு சொன்னீங்க. அவ எடுக்கலன்னு சொல்லல."

இத்தனை வருடம் அடுத்தவர் வாயையே திறக்கச் சொன்ன பெரிய டாக்டர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பத்து மணியிலேர்ந்து ஸ்டூல்ல உக்கார வச்சிருக்கீங்க. என் பையக் கொட்டினாங்க. தெருவுல ரெண்டு வீட்டுக்கு விஷயம் போயிருக்கும். இதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

சுவர்க் கடிகாரம் நாலரை அடித்தது.

ஐந்து மணிக்குக் கீழே ஆஸ்பத்திரிக் கூடத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெரிய டாக்டரின் வேட்டி ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். பெரிய டாக்டர் மேடையில் தனியாக நிற்கவில்லை. பக்கத்தில், வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிலிகான்காரம்மா நின்றார். அந்தப் பதினாலு வீட்டில் ஒன்பது வீட்டுக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று அவர் ஏற்கெனவே எண்ணிவிட்டார்.

"இன்னைக்குக் காலையில இந்தப் பல்லக் காணோம்," என்றார் பெரிய டாக்டர். "இந்தம்மாதான் எடுத்தாங்கன்னு எங்க வீட்டுல சொன்னோம். இவங்க எடுக்கல. ஒளிச்சு வச்சது நான். கை நடுங்குது, அத உங்ககிட்ட ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. இவங்க பேர அழுக்காக்கினதுக்கு இவங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

சிலிகான்காரம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். அப்போதும் அந்தக் கை நடுங்கியது. இந்தமுறை அவர் அதை எங்கேயும் ஒளிக்கவில்லை. பிறகு பஞ்சுச் சுருளோடு பல்லை மகள் உள்ளங்கையில் வைத்தார். சின்ன டாக்டர் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை சிலிகான்காரம்மாவிடம் போய் ஏதோ முணுமுணுத்தார், சிரிக்காமல்.

ஆறரை மணிக்கு என் ஈரச் சட்டையை எடுக்க மாடிக்குப் போனேன். அக்கா பாத்ரூம் வாசலில் நின்று, பேசாதே என்று கை காட்டினாள்.

உள்ளே சிலிகான்காரம்மா பையைப் பிரித்து வைத்திருந்தார். எதிரில் பெரிய டாக்டர், விழாவுக்குப் போட்ட கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, காலித் தொட்டிக்குள் நின்றார்.

"நாளைக்கு எங்கம்மா வேலை?" என்று கேட்டார்.

"தெருக்கோடி வீட்டுல. ரெண்டு பாத்ரூம். ஏன்?"

"கூட ஒரு ஆள் வேணுமா?"

"கை நடுங்குதே ஐயா."

"காலையில நடுங்கல." அவர் சற்று யோசித்தார். "சுவத்துக்கு வலிக்காதுல்ல. அதனாலன்னு நெனைக்கறேன்."

சிலிகான்காரம்மா அவரை நேராகப் பார்த்தார். கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சுரண்டுகிற தகட்டை எடுத்து, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"முதல்ல நீங்க போட்டத முழுசா எடுங்க. துளி இருந்தாலும் விடமாட்டேன்."

பெரிய டாக்டர் தொட்டிக்குள் மண்டியிட்டார். கிழிந்த வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் தகட்டை வைத்தார். உண்மைதான், கை நடுங்கவில்லை. ஒரே இழையாக, அறாமல், அது உரிந்து வந்தது.

"அவ்வளவுதான்," என்று அவர் சுவரிடம் மெதுவாகச் சொல்வது எங்களுக்குக் கேட்டது. "ஆச்சு, ஆச்சு. வலிக்காது."

சிலிகான்காரம்மா குழாய்ப் பக்கம் திரும்பி, தண்ணீர் ரொப்பத் தயாராகத் தொட்டியின் அடைப்பானைத் தேட ஆரம்பித்தார்.